ரித்விக்கைத் தொட்டவன்

யாமினி மறுபடியும் கல்லை ஓங்கினாள்.

கீழே கிடந்த சிப்பாயின் கன்னம் ஏற்கெனவே பிளந்திருந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "விட்டுடும்மா, நான் தோத்துட்டேன்."

அவள் விடவில்லை.

கண்ணை மூடியிருந்த ஹெட்செட்டுக்குள் தெரிவது பொய்க் குகை என்று அவளுக்குத் தெரியும். நிற்பது எலெக்ட்ரானிக் சிட்டியில், ஓர் ஆய்வுக்கூடத்தின் ஏசி அறையில். கையில் இருப்பதும் வெறும் பிளாஸ்டிக் பிடிதான்.

ஆட்டம் தொடங்குமுன் ஆய்வாளர் தர்ஷினி அவள் மூக்கில் ஒரு மருந்தைப் பீய்ச்சியிருந்தாள். பிரசவ வலி எடுப்பதற்கு ஊசியில் ஏற்றுகிறார்களே, அதேதான். முகம் தெரியாதவர்களை அது ஒரே குழுவாக ஒட்டவைக்கிறதா என்று பார்க்கப் போகிறோம் என்றாள்.

நன்றாகவே ஒட்டவைத்தது.

அவள் அணியில் இன்னும் மூன்று பேர். நிஜ முகம் தெரியாது; ஆட்டத்து உருவமும் குரலும்தான். அவர்களில் ரித்விக் என்பவன், அவள் பள்ளத்தில் சறுக்கியபோது பாய்ந்து வந்து இழுத்துப் போட்டான். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தான். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க, மகனுக்குப் பால் கொடுத்த நாட்களைப் போல அவளுக்கு மார்பு கனத்தது.

அந்த ரித்விக்கின் கழுத்தில்தான் இந்தச் சிப்பாய் கத்தியை இறக்கினான்.

கல் இறங்கியது. மூக்கு நொறுங்கியது. அவன் அழுதான். அந்த அழுகை அவளுக்கு இனித்தது.

உதடு அசைவது நிற்கும்வரை அடித்தாள்.

எல்லாம் இருண்டது.

தர்ஷினி ஹெட்செட்டைக் கழற்றினாள். யாமினியின் குர்த்தா வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரித்விக் எந்த ரூம்ல இருக்கான்? ஒரு தடவை அவன பாக்கணும்."

தர்ஷினி தயங்கினாள். "உங்க டீம்ல இருந்த மூணு பேருமே கம்ப்யூட்டர் மேடம். எதிர்ல இருந்தவர் மட்டும்தான் நிஜ ஆளு."

பக்கத்து அறையின் கதவு திறந்தது. நரைத்த தலையுடன் ஒருவர் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. யாமினியைப் பார்த்து, வெட்கப்பட்டவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீயாம்மா அது? சும்மா விளையாட்டுதானே, உக்காரு. எப்படி வேர்த்துக் கொட்டுது பாரு."

கும்பிட்டுக் கெஞ்சிய சிப்பாயின் அதே குரல்.

ரித்விக் என்று யாருமே இல்லை என்பது இப்போது யாமினிக்குத் தெரியும்.

அப்படியும் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி முஷ்டியாயின.