சுடாத துப்பாக்கிக்கு ஒரு சான்று

சுடாத துப்பாக்கிக்குச் சான்று வாங்க வந்த போலீஸ்காரன், பழுதுபார்க்கும் அறையில் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போலீஸ் முகாமின் துப்பாக்கி மெக்கானிக். எந்தத் துப்பாக்கி மக்கர் பண்ணினாலும் சரிசெய்துவிடுவார் என்பதால் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

"நீ இங்க இருக்கவே கூடாது தம்பி. விசாரணைக்குப் போற சாமான். எவனாவது பார்த்தா என் சீட்டைக் கிழிச்சிடுவான்" என்றார் டாக்டர். சொன்னாரே தவிர, எழுந்து போகச் சொல்லவில்லை.

"கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேண்ணே."

காவல் முடிந்து வந்த யாரோ ஒருவனின் மேகசின், துப்பாக்கியில் மாட்டும் குண்டுக்கூடு, டாக்டர் கையில் இருந்தது. கட்டைவிரலால் அதிலிருந்த குண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தட்டில் போட்டார். "குண்டை எல்லாம் வெளியே எடுத்துட்டுத்தான் அடித்தகட்டைக் கழட்டணும். சாப்பிட்டு வந்தவனுக்கு நான் ஆபரேஷன் பண்றதில்ல" என்றார்.

போலீஸ்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கண் முழுக்க மேசையோரம் இருந்த துணிப்பையின் மேலேயே இருந்தது. பன்னிரண்டு நாள் முன்பு ஆலை வாசலில் கூட்டத்தின்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அன்று அவன் துப்பாக்கியில் இருந்த மேகசின் அது. அன்றைய களேபரத்தில் எல்லாரிடமும் வாங்கிப் பையில் போட்டு, பெயர் எழுதி, அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். அதன்பின் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஏழு பேர் செத்திருந்தார்கள்.

"நான் ஒரு குண்டுகூடச் சுடலைண்ணே. என் கையாலதான் நிரப்பினேன், அத்தனையும் அப்படியே உள்ளே இருக்கும். ட்ரிகரை இழுத்தேன், டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜாம் ஆயிடுச்சு."

"இதையே எத்தனை வாட்டி சொல்லுவே?"

"வீட்டுக்காரி நம்ப மாட்டேங்கிறாளே. செத்ததுல ரெண்டு பேர் அவ தெருக்காரங்க. ஒருத்தர் அவளுக்குச் சித்தப்பா முறை. பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஜாம்னு எழுதின தாளைக் கொண்டா, மறுநிமிஷம் வர்றேங்கிறா."

டாக்டருக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. மூன்று வருஷமாக அவனைத் தெரியும். மேகசினை அவனைப்போலச் சுத்தமாக வைத்துக்கொள்கிற ஆள் அந்த முகாமிலேயே கிடையாது. குண்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, துணிப்பையின் அரக்கை உடைத்து உள்ளே கைவிட்டார்.

மேகசினைத் தூக்கிய கை ஒரு நொடி அப்படியே நின்றது. போலீஸ்காரன் அதைக் கவனிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"நீலச் சட்டைண்ணே. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினார். அவர் முதுகுக்குத்தான் குறி வெச்சேன். வெடிக்கலை. திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணை மூடினா அந்த மூஞ்சிதான் வந்து நிக்குது. ஆனா அவர் தப்பிச்சுட்டார்ண்ணே. அந்த ஒரு நினைப்புலதான் நான் சோறு திங்கிறேன்."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒரே சத்தம், புகை. இன்ஸ்பெக்டர் சார் 'சுடு'ன்னு கத்தினது ஞாபகம் இருக்கு. மத்தது ஒண்ணும் ஞாபகம் வரலை."

டாக்டர் மேகசினைத் தலைகீழாகத் திருப்பினார். அடித்தகட்டின் பொத்தானை ஆணியால் அழுத்தி, தகட்டை நகர்த்தி எடுத்தார். ஸ்பிரிங் துள்ளிவிடாமல் கட்டைவிரலால் பொத்திப் பிடித்து மெதுவாக விட்டார். குண்டை மேலே தள்ளுகிற சின்னத் தகடும் அதோடு சேர்ந்து வந்தது.

ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றாவது உடைந்திருக்கக் கூடாதா, வாய் விளிம்பு ஒரு நூலளவாவது வளைந்திருக்கக் கூடாதா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. ஒரு குறையும் அகப்படவில்லை. அழுத்திவிட்டால் ஸ்பிரிங் புதுசுபோல எழும்பியது.

"கடைசியா எப்பத் துடைச்சே?"

"டியூட்டிக்கு முந்தின நாள்தான். பளபளன்னு வெச்சிருந்தேன்."

டாக்டர் பழைய பனியன் துணியை விரலில் சுற்றி மேகசினின் வாய்க்குள் விட்டுத் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. மடித்து மறுபடி துடைத்தார், மறுபடியும் கறுப்பு. கருகின வெடிமருந்தின் வாடை அவர் மூக்கில் ஏறியது.

மூடி திறந்த பேனாவை வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போகவேண்டிய சான்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரி மாற்றி எழுதினால் போதும், ஒரு குடும்பம் சேர்ந்துவிடும். அந்த ஏழு வீடுகளும் இதே தாளுக்காகத்தான் காத்திருந்தன.

போலீஸ்காரன் இப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினான். "என்ன போச்சுண்ணே? ஸ்பிரிங்கா, தகடா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"விளையாடாதீங்கண்ணே. நல்லா இருந்தா, அந்த நீலச் சட்டைக்காரரைச் சுடறப்போ ஏன் வெடிக்கலை?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"அதுக்குள்ள உன் குண்டெல்லாம் தீர்ந்துபோச்சு, தம்பி."