பிணமாகக் கிடந்தவர்

தொண்ணூற்று மூன்றில், இத்தாலியில், பலேர்மோத் துறைமுகத்துக்கு அருகே கோயில் மண்டபத்தில் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் கண்ணில் கத்திக்குத்து வாங்கிய நாடகாசிரியரின் கதை. குடிச்சண்டையில் செத்தார், ஒற்றர்கள் கொன்றார்கள், சாகாமலே வேறு பிணத்தைக் காட்டிவிட்டு இத்தாலிக்குக் கப்பலேறினார் என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்று நாடகத்தை எழுதிய விமலராணி அக்காவுக்கே தெரியாது. மூன்றையும் போட்டிருந்தார்.

நான் கொலைகாரன். பிணம் றமேஸ். நாப்போலியிலிருந்து அன்றுதான் கப்பலில் வரவேண்டியவன்; நாடகம் தொடங்கும்வரை ஆளைக் காணவில்லை. திரை விலகியபோது போர்வைக்குள் பிணம் கிடந்தது. எங்களுக்குப் போன உயிர் திரும்பியது.

கடைசிக் காட்சியில் பிணம் வெள்ளை பூசிய மாதிரி முகமும் ஒற்றைக் கண்கட்டுமாக எழும்பி, வயிறு குலுங்கச் சிரித்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது.

"உண்மையாச் செத்து எழும்பின மாதிரியெல்லோ இருந்தது!" என்று அக்கா தன் கையால் கட்டிய கடதாசிப்பூ மாலையைப் போட்டார். மாலையோடு அவன் வெளியே போனான்.

நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பயணப்பையோடு றமேஸ் ஓடிவந்தான்.

"குறை நினையாதேங்கோ அக்கா, கப்பல் பிந்தீட்டுது. நாடகம் முடிஞ்சுதோ?"

அவன் கழுத்தில் அதே மாலை.

"இது ஏதடா?"

"துறைமுகத்திலை ஒரு வெள்ளைக்காரன், ஒரு கண்ணிலை கட்டு. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் போட்டிட்டுக் கப்பலேறிப் போறான்."

அடுத்த முறை மேடையேற்றியபோது, முதல் இரண்டு கதைகளையும் அக்கா வெட்டிவிட்டார்.