பக்கிரிசாமியின் மைக்

“இதெல்லாம் ஒரு மைக்கா! இந்த மைக்செட்டு பக்கிரிசாமி அண்ணனை யாருய்யா கூப்பிட்டது?”

பாதிப் பேச்சில் மைக் செத்துப்போனதும் கிளைச் செயலாளர் குணாளன் பல்லைக் கடித்தான். பின்னே? சுங்கை லாலாங்கில் தேர்தல் செராமாக் கூட்டம். மேடையில் தலைவர் யோகேந்திரன். ரோட்டுக்கு அந்தப் பக்கமே எதிர்க்கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறை. அதன் வாசலில் பத்துப் பதினைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சற்று முன் தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகுவதைத் தலைவர் சொன்னபோது மைக் கணீரென்று கேட்டது. சாக்கடையைப் பற்றிச் சொன்னபோதும் கேட்டது.

பிறகு தலைவருக்குச் சூடு ஏறியது.

“நம்ம கொடிய அவுத்தவன் அதோ நிக்கிறான்! விடாதீங்க! அவனுங்கள இன்னிக்கே...”

கொர்ர்ர்ர்!

பக்கிரிசாமி பதறியடித்து வயரை ஆட்டினார், பெட்டியைத் தட்டினார். தலைவர் வாயசைத்து வாயசைத்துக் களைத்துப்போன பிறகுதான் சத்தம் திரும்பியது.

“...மீ கோரெங் இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க!”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எதிர்ப்பக்கமும் சிரித்துவிட்டு கேரம் ஆடப் போய்விட்டது. அதில் இரண்டு பேர் வெட்கமே இல்லாமல் வந்து மீ கோரெங் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாரும் போனதும் குணாளன் மைக்கைப் பிடுங்கி ஊதிப் பார்த்தான்.

“ஹலோ, ஹலோ.”

தெருக்கோடிவரை கேட்டது.

“அண்ணே! மைக் நல்லாத்தானே இருக்கு! நீங்க அவனுங்க ஆளா?”

பக்கிரிசாமி வயரைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

“நல்ல மைக்தான்லா தம்பி. போன எலக்சன்லயும் இதேதான். ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. ‘போய் உடைங்கடா’ன்னாரு தலைவரு, நீங்க போனீங்க. அவரு கார் ஏறிப் போய்ட்டாரு. ரத்தத்தோட கெடந்த உன்னைய ஸ்பீக்கர் லோரியில போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?”

குணாளனின் கை தானாகத் தலைக்குப் போனது. பதினோரு தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

பிறகு ஸ்பீக்கரை அவனே தூக்கி லோரியில் வைத்தான்.

“நாளைக்கு ஜித்ராவுல செராமா. நீங்களே வந்துடுங்கண்ணே.”

“இதே மைக்கா?”

“இதேதான். அந்தக் கொர்ர்ர் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாடியே வரட்டும்.”