கணவாய்க்கு இரண்டு கிலோமீட்டர்
கணவாய்க்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர். பத்தொன்பது நாளாக மலையில் சைக்கிள் மிதித்து வந்த அக்காவும் தங்கையும் கடைசி வளைவில் கால் ஊன்றி நிற்கிறார்கள். மேலே மேகம் கருங்கல்லாக இறங்குகிறது. ஈரக் காற்றில் பைகளின் வார்கள் படபடக்கின்றன. மின்னல் வெட்டுகிறது. இடி எவ்வளவு தூரத்தில் என்று தங்கை கடகடவென்று எண்ணுகிறாள். பதினைந்தில் இடிக்கிறது. "தூரமாத்தான் இருக்கு. ஏறிடலாம்க்கா." "கண்ணாமூச்சில எண்ணுற மாதிரியே எண்ணுறடி. இப்ப நான் எண்ணுறேன்." அடுத்த மின்னலுக்கு அக்கா நிதானமாக எண்ணுகிறாள், ஐந்தில் கைப்பிடி வரை அதிர்கிறது. அவள் சைக்கிளை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்க்கிறாள். "நாளைக்குக் காலைல முதல் ஆளா ஏறுவோம். வா." தங்கையும் திருப்புகிறாள். மறுபடி மின்னல். இம்முறை அவளும் நிதானமாகத்தான் எண்ணுகிறாள். மூன்றில் இடி இடிக்கும்போது நான்கு சக்கரங்களும் உருளத் தொடங்கியிருக்கின்றன.