தூக்கத்துக்கு ஒரு பூ

அபுதாபிக்குப் போகும் பேருந்து ருவைஸைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது கணவன் பிரைட் அனுப்பிய படம் வந்தது.

அவன் உள்ளங்கையில் ஒரு சிறிய தகர டப்பா. மூடி திறந்திருந்தது. உள்ளே காய்ந்த பச்சைப் பூக்கள்.

'உனக்குத் தூக்கம் வர. இஸ்தான்புல் வந்தாச்சு. அடுத்தது அபுதாபிதான்' என்று கீழே எழுதியிருந்தான்.

எப்சிபா படத்தைப் பெரிதாக்கினாள். டப்பாவின் மூடியில் விரல்விரலாகப் பிரிந்த ஓர் இலை அச்சாகியிருந்தது.

படத்தை உடனே அழித்தாள். பதில் எழுதப் பயமாக இருந்தது. எழுதினால் அவன் போனில் நிற்கும்.

அழைத்தாள்.

"பாத்தியாட்டி? சுவிஸ்ல கடையில பரசியமா, எல்லாரும் பாக்க விக்கான். போதையே கெடையாது. கொதிக்க வச்சுக் குடிச்சா தூக்கம் வருமாம். பில்லு கூட வச்சிருக்கேன்."

கல்யாணம் முடிந்து மூன்றாம் வாரம் அங்கே ஓட்டல் வேலைக்குப் போனவன். போன மாதம், எனக்குத் தூக்கமே வருவதில்லை என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் விடுப்புக் கேட்டான். இதுதான் முதல் வருகை.

பேருந்தில் இந்தி, மலையாளம், உருது, தமிழ். அந்தச் செடிக்கு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பெயர். பக்கத்து இருக்கையில் அறைத்தோழி உம்மு சல்மா வேறு.

எப்சிபா வேதியியல் படித்தவள்; ஆய்வகத்தில் வேலை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, செடியின் பெயர் வராமல் சொன்னாள்.

"அதுல தூக்கம் தர்ற சி.பி.டி. மட்டும் இல்ல. தலைக்கேறுற டி.எச்.சி.யும் கொஞ்சம் இருக்கும். அங்க அளவு பாத்து விடுவாங்க. இங்க அந்தப் பூவே குத்தம்."

"மருந்து மாதிரின்னுதானே கடைக்காரன் சொன்னான்."

"உள்ள தூக்கி வச்சா, கடைக்காரனா வந்து எடுப்பான்?"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

மறுமுனையில் விமானம் ஏறச் சொல்லும் அறிவிப்பு கேட்டது.

"நீங்க அதக் குடிச்சீங்களா? ஒடம்புல இருந்தாலும் இங்க புடிப்பாங்க."

"உனக்கு வாங்கினத நான் எதுக்குட்டி குடிக்க?"

எப்சிபா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். டப்பாவைக் குப்பையில் போட வேண்டும். பில்லையும். படத்தை அழிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

"எந்தப் பையில வச்சிருந்தீங்க?"

"தோள்பையில. லேப்ல ஏ.சி. குளிருதுன்னியே, உனக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். அதுக்குள்ளதான் சுத்தி வச்சிருந்தேன்."



"தூள் ஒட்டியிருக்கும், அதயும் போடுங்க. பையையும். பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்துக்கிடுங்க."

தகரம் எதிலோ மோதும் சத்தம் கேட்டது. ஸ்வெட்டர் விழுந்ததற்குச் சத்தமில்லை. பிறகு தண்ணீர். நெடுநேரம் கழுவினான்.

மீண்டும் அறிவிப்பு. அவன் ஓடுவது மூச்சில் தெரிந்தது.

"அப்போ உனக்குத் தூக்கம்?" என்றான்.

"வாங்க" என்றாள்.

அந்தச் சொல்லை அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

"வெறுங்கையோட வாங்க."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவன் குரல் பக்கத்து இருக்கைக்கும் கேட்டிருக்க வேண்டும். உம்மு சல்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வரலன்னா மாப்பிள்ளைக்கிட்ட சொன்னே? ஏன் புள்ள, நீ விடுற கொறட்டையில நானுல்ல தூங்காமக் கெடக்கேன்!"

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அபுதாபிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் பலகை ஒன்று வந்தது. அதைப் படிக்குமுன் பேருந்து கடந்துவிட்டது.