ஆலன் ஆன்ட்டி கேட்ட பட்டன்

"ஒரு ஆன்ட்டி கம்ப்ளெயிண்ட் பண்ணாங்கன்னு பட்டனைப் பெரிசாக்கணுமா? நாம பண்றது சாஃப்ட்வேரா, லிஃப்டா?" என்றார் சேனாபதி.

கலிபோர்னியாவின் சன்னிவேலில், போட்டோ ஆல்பம் செய்யும் சாஃப்ட்வேர் தயாரிக்கிற சின்னக் கம்பெனி அது. மீட்டிங்கில் இருந்தது மூன்றே பேர், மூவரும் தமிழர்கள். அதில் சேனாபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. மீசைக்கு மட்டும், டை புண்ணியத்தில், வாராவாரம் முப்பது. தனக்கு 'அங்கிள்' என்று பெயர் விழுந்துவிட்டால் அடுத்த லேஆஃப் லிஸ்ட்டில் முதல் ஆள் தான்தான் என்று அவருக்கு உள்ளூர உதறல். அதனால் எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் பிரீத்தியைவிடப் பத்து வயது சின்னவர் மாதிரிதான் பேசுவார்.

பிரீத்தி விடவில்லை. டெக்சாஸின் ஆலன் நகரிலிருந்து அபயாம்பாள் ஆன்ட்டி எழுதிய நாலாவது புகாரைத் திரையில் போட்டாள். பேரனின் ஆயுஷ்ஹோமப் படங்களை மூன்று நாள் உட்கார்ந்து அடுக்கி, 'சேவ்' அமுக்கப் போய், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த 'டெலிட்'டை அமுக்கிவிட்டாராம். வைத்திருப்பது பட்டனா, கடுகா என்று கேட்டிருந்தார்.

"முதல்ல அவங்களை ஒரு கண்ணாடி போட்டுக்கச் சொல்லு" என்றார் சேனாபதி. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"கண்ணுக்காக மட்டும் இல்ல, சேனா. பெரிசா இருந்தா மவுஸ் டக்குனு போய் நிக்கும். தேட வேணாம், தப்பா அமுக்க மாட்டோம். காலேஜ் பசங்களை வெச்சு டெஸ்ட் பண்ணினப்போ அவங்களுக்கே பாதி நேரம்தான் ஆச்சு" என்றாள் பிரீத்தி.

மேனேஜர் இளமாறனுக்கு இருபத்தொன்பது வயது. அவனும் பிரீத்தி பக்கமே சாய்ந்தான். சேனாபதி இன்னும் கால் மணி நேரம் அழகு, நளினம், இடப்பற்றாக்குறை என்று மல்லுக்கட்டிப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, வயசானவங்க பாவம், மாற்றித் தொலைப்போம் என்று பெரிய மனது பண்ணினார்.

இளமாறன் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு கிளம்பினான். சேனாபதியும் எழுந்தார்.

பிரீத்தி லேப்டாப்பை மூடிவிட்டு, அவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நாலு கம்ப்ளெயிண்ட்டுமே நம்ம ஆபீஸ் வைஃபைலேர்ந்துதான் வந்திருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல, ஆன்ட்டி."