எலும்பின் பிடி

பிஷ்கேக் மருத்துவமனையின் அறுவை அரங்கில் காலை வெயில் படர்ந்திருக்கிறது. செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் சிமென்ட்டைக் குழைக்கத் தயாராக நிற்கிறாள் செவிலி புருல். மேசையில் குதிரை பழக்கும் தொக்தோசுன், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய், விழித்தபடி கிடக்கிறார். டாக்டர் நசீரா அவருடைய முழங்கால் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பள்ளம் விழவில்லை; எலும்பு கெட்டி. "சிமென்ட் இப்ப வேண்டாம் புருல். இந்த எலும்பே உலோக மூட்டைப் பிடிச்சுக்கிட்டு வளரும். ஆடிச்சுன்னா மட்டும் குழைப்போம்." எலும்பில் பொருத்திய உலோகத்தின்மேல் சுத்தியல் நிதானமாக இறங்குகிறது, அடிக்கு அடி ஓசை கெட்டிப்படுகிறது. இடுப்புக்கு மேலே கட்டிய திரைக்கு அப்பாலிருந்து தொக்தோசுனின் குரல் வருகிறது: "என்ன டாக்டரம்மா, லாடமா அடிக்கிறீங்க?" "ஆமாண்ணே, உதைச்சிடாதீங்க." பொருத்திய உலோகத்தைப் பற்றி நசீரா பலங்கொண்ட மட்டும் இழுக்கிறார். புருல் சிமென்ட் கிண்ணத்தில் கை வைத்தபடி பார்க்கிறாள். உலோகம் மயிரிழைகூட அசையவில்லை; தொக்தோசுன்தான் முழுசாகக் கீழே நகர்கிறார். "யாரும்மா என்னை இழுக்கிறது?" "உங்க எலும்புதாண்ணே விடமாட்டேங்குது!"